ராணி பொம்மைக்குக் கண் எழுதியது நான்தான்

என் பெயர் கலைச்செல்வி, வயது நாற்பத்து மூன்று, கணவர் பெயர் ஆறுமுகநயினார், அவர் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் வேலை பார்க்கிறார். திருவனந்தபுரம் வலியசாலையில் அக்ரகாரத் தெரு முடிகிற இடத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறேன், அதே வீட்டின் கீழ் முன்னறையில் பெண்களுக்கான பியூட்டி பார்லர் நடத்துகிறேன். சொந்த ஊர் வள்ளியூர். கல்யாணம் ஆகி இங்கே வந்த பிறகு கற்றுக்கொண்டு மலையாளம் நன்றாகவே பேசுவேன், ஆனால் கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வாயில் வரும், இப்போது நல்ல கோபத்தில் இருக்கிறேன் என்பதால் தமிழில் சொல்ல எஸ்.ஐ. நீது மேடம் அனுமதி தந்தார். பாறசாலைக்காரரும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவருமான போலீஸ்காரர் செல்வமணி அவர்கள் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். கொஞ்சம் மெதுவாகச் சொல்லும்படி கேட்கிறார். முயற்சி செய்கிறேன்.

இந்தப் புகாரில் முதல் எதிர்த்தரப்பாகக் காட்டப்பட்டிருக்கும் சுப்புலக்ஷ்மி என்பவரை எனக்குப் பல வருடமாகத் தெரியும், தெருவில் எல்லோரையும் போல நானும் அவரை மாமி என்றுதான் கூப்பிடுகிறேன். வயது ஐம்பத்து நான்கு, கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை, கல்யாண வீடுகளுக்குப் பட்சணம் செய்து கொடுத்துச் சொந்தக் காலில் நிற்கிறவர். மஸ்கட்டில் சைவ ஓட்டல் நடத்தும் ஒரு தமிழ்க் குடும்பத்தார் ஒரு கல்யாணத்தில் இவர் செய்த கைமுறுக்கையும் மைசூர்பாகையும் சாப்பிட்டுவிட்டு, தங்கள் ஓட்டலுக்குத் தலைமைச் சமையல்காரராக வரும்படி இவரை அழைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் வந்துவிட்டது. இனி பாக்கி இருப்பது, இவர்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் தருகிற சான்றிதழ் ஒன்றுதான், அதற்கான மனு இதே ஸ்டேஷனில்தான் இருக்கிறது. ஜன்னல் பக்கம் சீட் கேட்டால் கொடுப்பார்களா, அங்கே மாவு அரைக்கிற மெஷின் எத்தனை பெரிசு என்று மாமி தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிந்ததைப் பார்த்து எனக்கே விமானம் ஏறப்போகிற மாதிரி இருந்தது.

மஸ்கட்டுக்குப் போகுமுன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதால், பழைய பித்தளைப் பாத்திரங்களை விற்றுவிட மாமி முடிவு செய்து, பழைய சாமான் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிற வேலாயுதன் என்பவரைப் போனில் அழைத்தார். புகார் கொடுத்திருப்பது இந்த வேலாயுதன்தான். அவர் வெள்ளிக்கிழமை இருட்டுகிற நேரத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் அன்று சாயங்காலம் மாமி வீட்டில் இருந்ததற்குக் காரணம், மாமி வாழ்நாளில் முதல் தடவையாகப் புருவம் திருத்திக்கொள்ளச் சம்மதித்திருந்தார். “வெளிநாட்டுக்குப் போறேன், காட்டுப் புருவத்தோட போய் இறங்கினா நன்னாவா இருக்கும்?” என்று அவரே கேட்டுத்தான் என்னை வரச் சொன்னார்.

நான் வேலையை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே, சொன்ன நேரத்துக்கு வெகு முன்னால், வேலாயுதன் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். அவரைத் திரும்பிப் போகச் சொல்ல மாமிக்கு மனம் வரவில்லை. கூடத்தில் இருக்கிற பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி சொல்லிவிட்டு, மாமி சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு படுத்தார், நான் தொடர்ந்து செய்தேன். புருவம் எடுக்கிறவர்களுக்குத் தெரியும், நூலின் ஒரு முனை நம் பல்லில் இருக்கும், பாதியில் விட்டால் புருவம் கோணலாகிவிடும். ஆகையால் என் வாய் பூட்டிக் கிடந்தது. கல்யாணம் ஆன நாள் முதல் நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே நேரம் அதுதான் என்று என் கணவர் சொல்கிறார். அவர் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறார், வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம்.

மேற்படி வேலாயுதன் பாத்திரங்களைப் பார்க்கும்போது ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். இது உருளி, இது அண்டா, இதில் அடி தேய்ந்திருக்கிறது, இன்றைக்குப் பித்தளை விலை இன்னது என்று சொல்லி, எடை போட்டு, நியாயமான விலைதான் சொன்னார். அதைக் குறை சொல்ல மாட்டேன். அதன் பிறகு மூலையில் இருந்த கொலுப் பெட்டியின் பக்கம் போனார். மஸ்கட்டுக்குப் போவதால் இந்த வருடம் கொலு வைக்க முடியாது என்று, பொம்மைகளைத் தெருவில் பகிர்ந்து கொடுப்பதற்காக மாமி பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருந்தார். அதில் பழைய வேட்டியில் சுற்றி ஒரு முழ உயரத்தில் இரண்டு மரப்பொம்மைகள் இருந்தன, ஒரு ராஜா, ஒரு ராணி. மாமியின் மாமனார் வழியில் வந்தவை. சாயம் மங்கி, ராஜாவுக்குப் பாதி மீசை போய், ராணிக்கு மூக்கு நுனியும் ஒரு கண்ணும் அழிந்து கிடந்தன.

அந்தத் துணியை விலக்கியதும் வேலாயுதனின் பேச்சு சட்டென்று நின்றது. நான் மாமியின் புருவத்துக்கு மேலாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராணியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், போனில் வெளிச்சம் போட்டு முதுகைப் பார்த்தார், மோந்து பார்த்தார், முன்னும் பின்னும் போட்டோ எடுத்தார். அவர் காது மடல் சிவந்துவிட்டது. அதன் பிறகு ஒரு கொட்டாவி விட்டார் பாருங்கள், அப்படி ஒரு பொய்க் கொட்டாவியை நான் பார்த்ததே இல்லை. கல்யாணப் பெண்ணை அலங்காரம் செய்து கண்ணாடி முன்னால் திருப்பி உட்கார்த்தும்போது, அழகாக இருக்கிறோம் என்று தெரிந்தும் ஒன்றும் இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்களே, அதே முகம்.

“இது செல்லரிச்சுப் போயாச்சு மாமி. உள்ளே முழுக்கக் கரையான். விறகுக்குக்கூட ஆகாது” என்று சொன்னார். மாமி கண்ணை மூடியபடியே, “ஐயோ, அப்படியா? ராணிக்குப் பாதத்திலே ஒரு விரிசலும் இருக்கு, நன்னா பாத்துக்கோங்கோ” என்று, கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். அதன் பிறகு வேலாயுதன், வீட்டுக் குழந்தைகள் விளையாட ஆகும் என்று சொல்லி, இரண்டுக்கும் சேர்த்து நாலாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். விறகுக்கு நாலாயிரமா என்று எனக்கு உறைத்தது. ஆனால் நான் சொன்னேனே, நூல் பல்லில் இருந்தது. நான் தொண்டைக்குள்ளேயே “ம்ம்ம்” என்று சத்தம் கொடுத்தேன், தனக்கு வலிக்கிறது என்று நான் நினைத்துவிட்டதாக எண்ணி மாமி, “எனக்கு வலிக்கலை, நீ எடு” என்றார். சம்மதம் என்று வேலாயுதனிடமும் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு நடந்ததைக் கவனமாக எழுத வேண்டும். வேலாயுதன் முழுப் பணத்தையும் கொடுத்தார். ஆனால் பொம்மைகளை முதலில் எடுத்தால் ஆசை தெரிந்துவிடும் என்றோ என்னவோ, அண்டாவையும் உருளியையும் ஒவ்வொன்றாக ஆட்டோவில் ஏற்றி, நடுவில் டிரைவரோடு பேசி, தண்ணீர் வாங்கிக் குடித்து, பொம்மைகளைக் கடைசிக்கு விட்டார். அதற்குள் கோயில் மணி அடித்தது, மாமி எழுந்து முகம் கழுவி வந்து விளக்கேற்றிவிட்டார். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு எங்கள் தெருவில் யாரும் வீட்டை விட்டு ஒரு ஸ்பூன் சர்க்கரைகூட வெளியே கொடுக்க மாட்டார்கள். வேலாயுதன் பொம்மைகளைத் தூக்கியதும் மாமி, “விளக்கு வெச்சாச்சே, இனி தர முடியாது. நாளைக்குக் காலம்பற வந்து எடுத்துண்டு போங்கோ, பணம் வேணுமானா திருப்பி வாங்கிக்கோங்கோ” என்று சொன்னார்.

அந்த மனிதர் கெஞ்சின கெஞ்சலை நான் என்ன சொல்ல. விளக்கை அணைத்துவிட்டு மறுபடி ஏற்றலாம் அல்லே என்று கேட்டார். வாசல் வழியாக வேண்டாம், ஜன்னல் வழியாகக் கொடுங்கள் என்று கேட்டார். விறகுக்குக்கூட ஆகாத பொம்மைக்கு ஜன்னல் எதற்கு? அப்போது என் பல்லில் நூல் இல்லை. நான், “என்ன சாரே, விறகு இல்லாம உங்க வீட்டுல இன்னிக்கு அடுப்பு எரியாதா?” என்று கேட்டேன். அவர் என்னை முறைத்துவிட்டு, பணம் மாமியிடமே இருக்கட்டும், காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

~அதன் பிறகு மாமி கோயிலுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் அவர் பூ வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, என்னிடம் இருக்கிற சாவியால் கதவைத் திறந்து, நானாகவே, யாரும் சொல்லாமல், என் சொந்த விருப்பத்தில் பொம்மைகளுக்கு வண்ணம் பூச உட்கார்ந்தேன். இதில் மாமிக்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது.~ இந்த இடத்தை இரண்டு தடவை எழுதிக்கொள்ளும்படி கேட்டேன், ஒரு தடவை போதும் என்று செல்வமணி அவர்கள் சொல்கிறார்.

எதற்காக வண்ணம் பூசினாய் என்று எஸ்.ஐ. மேடம் கேட்கிறார். ஒவ்வொரு நவராத்திரிக்கு முன்னாலும் எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பொம்மைகளுக்கு நான்தான் சாயம் தொட்டுக் கொடுக்கிறேன். கண் அழிந்த பொம்மையைப் படியில் வைக்க மாட்டார்கள், அடுத்தவர் வீட்டுக்குக் கொடுக்கவும் மாட்டார்கள். மனிதர் முகத்தையே மாற்றுகிறவளுக்குப் பொம்மை முகமா கஷ்டம் என்று பேச்சு வாக்கில் ஆரம்பித்தது, இப்போது வழக்கமாகிவிட்டது.

முதலில் ராணியை எடுத்தேன். பழைய சாயம் பொருக்காக நின்றதால் உப்புத்தாள் போட்டு முகம், கழுத்து, கை எல்லாம் நன்றாகத் தேய்த்தேன். பழுப்பும் பச்சையுமாகத் தூள் கொட்டியது. மூக்கு நுனிக்கு, மரத்தில் ஓட்டை அடைக்கிற பட்டியை வைத்து இழைத்தேன். அதன் பிறகு சாலைக் கடைத்தெருவில் வாங்கிய எனாமல் டப்பாக்களைத் திறந்து முகத்துக்கு ரோஸ், புடவைக்கு மயில் நீலம், ஜரிகைக்குத் தங்கம் அடித்தேன், உதட்டுக்கு மட்டும் என் சிவப்பு நெயில் பாலிஷ். கடைசியாக மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கண்ணும் எழுதினேன். ஐயா, நான் பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தக் கண் உயிரோடு பார்த்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. அந்தப் பொம்மை இப்போது மேடத்தின் மேஜையில் செய்தித்தாள் மேல் இருக்கிறது, கண் நன்றாக வந்திருக்கிறது என்று மேடமே சொன்னார். அதை எழுத வேண்டாம் என்கிறார். நான் சொன்னதை எழுத வேண்டும்.

அதன் பிறகு ராஜாவை மடியில் எடுத்து வைத்து, உப்புத்தாளை அவர் நெஞ்சில் வைக்கிற நேரத்தில் வேலாயுதன் வாசலில் வந்து நின்றார். முதலில் ராணியைப் பார்த்தார். பார்த்த மனிதர் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, “அய்யோ! எந்தா செய்து நீ! தொடாதே! தொடாதே அதை!” என்று கத்தினார். அப்படி ஒரு கத்தல். பக்கத்து வீட்டில் குக்கரை இறக்கிவிட்டு ஓடி வந்தார்கள். பாம்பு என்று நினைத்து நான் ராஜாவோடு நாற்காலி மேல் ஏறிவிட்டேன். அவர் தரையில் உட்கார்ந்து, உப்புத்தாளில் ஒட்டியிருந்த தூளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, “இருநூறு வருஷம்... இருநூறு வருஷத்துச் சாயம்... பன்னிரண்டு லட்சம் போச்சே!” என்று சொன்னார். இதை அங்கே கூடியிருந்த எல்லோரும் கேட்டார்கள்.

அந்த நேரம் மாமி கையில் பூப்பொட்டலத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். மாமி மெதுவாக, “எது பன்னிரண்டு லட்சம்?” என்று கேட்டார். வேலாயுதன் வாயைப் பொத்திக்கொண்டார், ஆனால் வெளியே வந்த வார்த்தை வந்ததுதான். “இந்த விறகா?” என்று நான் நாற்காலி மேலிருந்தே கேட்டேன். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கோபம். ராஜாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் எழுந்து நின்று ஒரு நியாயம் சொன்னார். “நான் இந்தத் தொழில்ல எத்தனை வருஷம், எத்தனை வீடு ஏறி இறங்கியிருக்கேன், எத்தனை டூப்ளிகேட் வாங்கி ஏமாந்திருக்கேன் தெரியுமா மாமி? அந்த அறிவுக்குத்தான் காசு. நான் கண்டுபிடிக்கலைன்னா இது பரண்ல கிடந்து போயிருக்கும். வாங்கறவன் விற்கறவங்களுக்குப் பாடம் எடுக்கணுமா? நீங்க விலை கேக்கவும் இல்லையே” என்றார். உள்ளதைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கே அது நியாயம் மாதிரி பட்டது, அதுதான் எனக்கு அதிக எரிச்சல். அவர் பேசாமல் வாங்கிக்கொண்டு போயிருந்தால் வியாபாரம் என்று விட்டிருப்பேன். கரையான் இல்லாத மரத்தில் கரையான் என்றாரே, அது என்ன வியாபாரம்? என் பார்லருக்கு முட்டி வரை முடி உள்ள பெண் வந்து, வெட்டிவிடுங்கள் என்று சொன்னால், இந்த முடிக்குச் சவுரிக்காரர்கள் நல்ல விலை தருவார்கள் அம்மா என்று சொல்லிவிட்டுத்தான் கத்திரியை எடுப்பேன். சொல்லாமல் பெருக்கி எடுத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே. இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன், இதைவிடக் காரமாகச் சொன்னேன். அந்த வார்த்தைகளை எழுத வேண்டாம்.

மாமி மட்டும் சத்தம் போடவில்லை. “விரிசல் இருக்குன்னு நீங்க கேக்காமலேதானே நான் சொன்னேன்” என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டார். அதற்கு அவர், பணம் கொடுத்தாகிவிட்டது, இரண்டு பொம்மையும் என் சொத்து, என் சொத்தை வேண்டுமென்றே நாசம் செய்துவிட்டீர்கள், ராஜாவைக் கொடுத்தால் இதோடு விடுகிறேன், இல்லை என்றால் கேஸ் என்றார். அதன் பிறகு குரலைத் தாழ்த்தி, “மஸ்கட் பேப்பர் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்குன்னு சொன்னீங்க அல்லே மாமி? ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்தா அது அங்கேயே நிக்கும், பாத்துக்கோங்க” என்றார். மாமி முகத்தில் அந்த நிமிஷம் ரத்தம் இல்லாமல் போனது. நேற்றுத்தான் நான் வில் மாதிரி எடுத்துவிட்ட புருவம், அதற்குக் கீழே கண்ணில் தண்ணீர். எனக்கு அழுகை வந்தால் கோபம்தான் வரும். நான் நாற்காலியிலிருந்து குதித்து, “வா வே, ஸ்டேஷனுக்கே போவோம்” என்று அவரைக் கூப்பிட்டேன். மரியாதை இல்லாமல் கூப்பிட்டது உண்மை, அதை மறுக்கவில்லை.

எல்லோரும் ஸ்டேஷனுக்கு வந்தோம். வேலாயுதன் புகார் எழுதிக் கொடுத்தார், ராணிக்கு மட்டும் நஷ்டம் பன்னிரண்டு லட்சம் என்று கணக்கு காட்டினார். பொம்மை எத்தனை வருஷத்துப் பழசு என்று எஸ்.ஐ. மேடம் கேட்டார். இருநூறு வருஷம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அத்தனை பழைய சாமான் வாங்கி விற்க லைசென்ஸ் இருக்கிறதா என்று மேடம் கேட்டார். அவ்வளவு பழசு இருக்காது, சும்மா பழைய மரம்தான் என்றார். அப்படியானால் பன்னிரண்டு லட்சம் எப்படி என்று மேடம் கேட்டார். இல்லை, பழசுதான் என்றார். இப்படிக் கேள்விக்குக் கேள்வி அவருடைய பொம்மையின் வயது ஏறி இறங்கியது. எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று மேடம் கேட்டதற்கு மட்டும், தொகையைச் சொல்லாமல், பரஸ்பரம் சம்மதிச்ச விலை என்றார். மாமி உள்ளதைச் சொன்னார். அப்போது மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்த பார்வையை எழுத வழியிருந்தால் எழுதவும்.

ஆனாலும் புகார் எழுதி வந்துவிட்டால் விசாரிக்காமல் இருக்க முடியாது, விசாரணை முடியும் வரை சான்றிதழ் நிற்கத்தான் செய்யும் என்று மேடம் சொன்னார். அதைக் கேட்டதும் வேலாயுதனுக்கு மறுபடி தெம்பு வந்து, ராஜாவை என்னிடம் தந்தால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார். மாமி ராஜாவை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ராஜாவின் பாதி மீசையைத் தடவிக்கொண்டே, “போனாப் போறது கலைச்செல்வி, எடுத்துண்டு போகட்டும். எனக்கு அங்கே போய்ச் சேர்ந்தாப் போதும்” என்று என் காதில் சொன்னார்.  இருநூறு வருஷத்துச் சாயத்தைச் சுரண்டிப் போட்டது இந்தக் கை. மாமிக்கு வரவேண்டியதில் பாதியை நான் உப்புத்தாளால் துடைத்துக் குப்பையில் தட்டிவிட்டேன். நினைத்தால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. மிச்சப் பாதியையும் இந்த மனிதர் மிரட்டி எடுத்துக்கொண்டு போக நான் விட மாட்டேன்.

ஆகையால்தான், மாமி சரி என்று சொல்லுமுன், நான் வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று மேடத்திடம் கேட்டுக்கொண்டேன். வழக்கு எழுதுவதாக இருந்தால் என் ஒருத்தி பேரில் எழுத வேண்டும். தேய்த்தது என் கை, டப்பா என்னுடையது, நெயில் பாலிஷ் என்னுடையது. ~மாமிக்கு எதுவும் தெரியாது.~ எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது, எந்த நாட்டுக்கும் போகப்போவதில்லை, எத்தனை வருடம் வேண்டுமானாலும் வழக்கு நடக்கட்டும், நான் வலியசாலையில்தான் இருப்பேன், கூப்பிட்டால் வருவேன். வேலாயுதன் கோர்ட்டில் வந்து, விறகுக்கு எப்படிப் பன்னிரண்டு லட்சம் ஆனது என்று சொல்லட்டும், நான் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.

இதுவரை எழுதியதைச் செல்வமணி அவர்கள் எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். கதவு திறந்திருந்தது, வெளியே பெஞ்சில் மாமியும் வேலாயுதனும் உட்கார்ந்திருந்தார்கள். நானாகவே, யாரும் சொல்லாமல், என்று வாசித்த இடத்தில் மாமி ராஜாவையும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். நான் கண்ணைக் காட்டினேன், காலால் தரையைத் தட்டினேன், “மாமி, சும்மா இருங்க, போங்க வெளியே” என்று அதட்டியும் பார்த்தேன். கேட்கவில்லை. மேடத்தின் முன்னால் போய் நின்று மாமி சொன்னதை அவர் சொன்னபடியே எழுதும்படி மேடம் உத்தரவிட்டதால் இங்கே சேர்க்கப்படுகிறது.

“அது பொய். வர்ணம் அடிக்கச் சொன்னது நான்தான். வெள்ளிக்கிழமை ராத்திரியே இவ கையைப் பிடிச்சுண்டு கேட்டேன். எனக்குத் தூக்கம் வரலை. அந்த மனுஷர் பாவம், கரையான் அரிச்ச மரத்துக்கு முழுசா நாலாயிரம் குடுத்துட்டுப் போயிருக்கார், மூக்கும் கண்ணும் இல்லாத பொம்மையை எப்படி அவர் தலையிலே கட்டறது, அவர் ஏமாந்து போயிடக் கூடாதேன்னு நான்தான் சொன்னேன். என் பேரையும் எழுதிக்கோங்கோ. மஸ்கட் இல்லைன்னா போறது. எனக்காக இவ பொய்யிலே கையெழுத்துப் போடக் கூடாது.”

 வாசல் பக்கம் வந்து நின்றிருந்த வேலாயுதன் இதை முழுக்கக் கேட்டார். மாமியைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தார். அப்படியே, தனக்குப் புகார் எதுவும் இல்லை, கொடுத்த தாளைத் திரும்பத் தர வேண்டும் என்று மேடத்திடம் சொன்னார். லைசென்ஸுக்குப் பயந்து சொன்னாரா, வெட்கப்பட்டுச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. மேடம், புகார் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு தாளைக் கொடுத்தார். அவர் படி இறங்கிப் போய்விட்டார். மாமி, “சார், பொம்மைக்குத் தந்த உங்க நாலாயிரம்!” என்று கூப்பிட்டுக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினார்.

இனி இந்த வாக்குமூலம் தேவையில்லை, கிழித்துவிடலாமா என்று செல்வமணி அவர்கள் கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்று சொன்னேன். மேலே கோடு போட்டு அடித்திருக்கிற வரிகள் நான் அறிந்தே சொன்ன பொய், அடித்த இடத்தில் தனியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மாமி ராத்திரி என் கையைப் பிடித்துக் கேட்டது நிஜம். மற்றதெல்லாம் நான் கண்டது, நான் செய்தது, வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

ஒப்பம்
கலைச்செல்வி